பழைய பொலிரோ பிக்கப்: பின்பக்க இடது மெயின் பட்டை திரும்பத் திரும்ப உடையுது

பாச்சலூர்_லோடு:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். என்னோடது 2011 மாடல் மஹிந்திரா பொலிரோ பிக்கப். கைமாத்தி வாங்கின வண்டி. ஓட்டமெல்லாம் பாச்சலூர், கே.சி.பட்டி பக்கத்துல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு. சவ்சவ், பீன்ஸ், மலைவாழைத் தார்னு சீசனுக்குத் தகுந்த மாதிரி ஏத்துவோம். மேல ஏறும்போது காலி, இல்லாட்டி உரமூட்டை. இறங்கும்போதுதான் ஃபுல் லோடு.

பின்பக்கம் இடது பக்க மெயின் பட்டை (அடுக்கு லீஃப் ஸ்பிரிங்ல மேல இருக்கிற நீளமான பட்டை) போன மழைக்காலத்துல உடைஞ்சுது. மெயின் பட்டை மட்டும் புதுசு வாங்கி, பழைய செட்டோட சேர்த்து மாட்டிக் கொடுத்தாங்க. இப்ப அதே பட்டை மறுபடியும் போயிருச்சு. காலி வண்டியை நிறுத்திப் பின்னால நின்னு பார்த்தாலே இடது பக்கம் சாஞ்சு நிக்கிறது தெரியுது. நேர் ரோட்டுலயும் ஸ்டீயரிங்கை லேசா ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டேதான் ஓட்ட வேண்டியிருக்கு.

பட்டறைல, "பட்டை பலம் பத்தலை, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு எக்ஸ்ட்ரா பட்டை ஏத்திருவோம், அப்புறம் என்ன லோடு அடிச்சாலும் அசையாது"ங்கிறாங்க. மலை ரோட்டுல ஓட்டுறவன், பின்னால ஆளும் உக்காந்து வருவாங்க. செலவு பண்ணலாம், ஆனா மறுபடி கொண்டை ஊசி வளைவுல நிக்கக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

கம்பம்_டிரைவர்:

எக்ஸ்ட்ரா பட்டை போடுங்க ப்ரோ, எல்லாரும் போடுறதுதான். நம்ம வண்டியில போட்டிருக்கு, திராட்சை லோடு ஏத்துனா முன்ன மாதிரி உக்காரலை. காலியா வரும்போது கொஞ்சம் தூக்கிப் போடும், அதைப் பார்த்தா ஆகுமா?

பட்டறை_நாமக்கல்:

தம்பி, எக்ஸ்ட்ரா பட்டையை இப்போதைக்கு வாங்காதீங்க. மொதல்ல அந்த உடைஞ்ச மெயின் பட்டை எங்க கெடக்குதுன்னு பாருங்க. பழைய இரும்போட போட்டிருந்தாலும் போய்த் தேடி எடுத்துக்கிட்டு வந்துருங்க. எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்கு நாமக்கல்லுல ஸ்பிரிங் பட்டறை. லாரி பட்டைதான் அதிகம், பிக்கப்பும் நெறைய வரும். வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி உடைஞ்ச துண்டைத்தான் நான் கேட்பேனுங்க. பட்டை எந்த இடத்துல உடைஞ்சிருக்குங்கிறதுல காரணம் முக்காவாசி தெரிஞ்சுரும். அதைப் பார்க்காம புதுசு மாட்டினா, அந்தப் புதுசும் அதே இடத்துல உடையும். உங்க வண்டியில நடந்திருக்கிறது அதுதான்னு நெனைக்கிறேன்.

நடுவுல, சென்டர் போல்ட் போற ஓட்டையை ஒட்டி உடைஞ்சிருக்கா? அப்ப பட்டை பலமில்லாம உடையலை. பட்டைகளை ஆக்ஸிலோட சேர்த்துக் கட்டற யூ போல்ட் லூசா இருந்திருக்கு. யூ போல்ட் நாலு நட்டும் இறுக்கமா இருந்தா ஆக்ஸிலுக்கு மேல இருக்கிற அந்தக் கொஞ்ச நீளம் ஒரே கட்டியா நிக்கும், வளையவே வளையாது. நட்டு தளர்ந்துச்சுன்னா அந்த இடமும் வளைய ஆரம்பிக்கும். ஓட்டை போட்டதால பட்டையில இரும்பு குறைவா இருக்கிற இடமே அதுதானே, விரிசல் அங்கதான் தொடங்கும். கூடவே சென்டர் போல்ட்டும் அறுபடும். சென்டர் போல்ட் லோடு தாங்குறதுக்கு இருக்கிறதில்லை. பட்டைகளை ஒண்ணா கோத்து, ஆக்ஸிலை அதோட இடத்துல உக்கார வைக்கிறதுதான் அதோட வேலை. பிடிச்சு நிறுத்துறது யூ போல்ட்தான்.

ஓரத்துல, புஷ் போற வளையத்தை ஒட்டி உடைஞ்சிருந்தா சாக்கிளைப் பாருங்க, அதாவது பட்டை நுனியைச் சேஸியோட சேர்க்கிற ஆடுற இணைப்பை. லோடு ஏறினா பட்டை நிமிரும், நீளமாகும். அந்த நீளத்துக்கு இடம் விடத்தான் சாக்கிள் ஆடுது. புஷ் செத்து, சாக்கிள் பின்னும் துருப்பிடிச்சு சாக்கிள் ஆடாம நின்னுட்டா பட்டைக்குப் போக்கிடம் இல்லை, வளையம் முறுக்கிக்கிட்டுப் பிச்சுக்கும்.

ரெண்டுக்கும் இடையில உடைஞ்சிருந்தா, அதாவது அடுத்த பட்டையோட நுனி வந்து முட்டுற இடத்துல, மூணு காரணம் இருக்கலாம். அதிக லோடு. கிளிப் உடைஞ்சு பட்டைகள் தனித்தனியா பிரிஞ்சு ஆடறது. இல்லைன்னா நுனி அரைச்சு அரைச்சு மெயின் பட்டையில பள்ளம் விழுந்துபோறது.

அடுத்தது, உடைஞ்ச முகத்தை டீசல்ல கழுவி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. ஒரு பகுதி கருப்பா, வழவழன்னு, குளத்துல கல்லு போட்டா எழும்பற வளையம் மாதிரி கோடு கோடா இருக்கும். அது பழைய விரிசல், கொஞ்சங் கொஞ்சமா பல நாள் ஓடினது. மீதி சொரசொரன்னு வெள்ளி நெறமா இருக்கும், அது கடைசியா ஒரே அடியில விட்ட இடம். கருப்பு பெரும்பகுதியா இருந்தா, பட்டை ரொம்ப நாளாவே விரிசலோட ஓடி, சாதாரண லோடுலயே விட்டிருக்குன்னு அர்த்தம். கருப்பு ஒரு மூலையில நகம் அளவு மட்டும் இருந்து மீதியெல்லாம் வெள்ளியா இருந்தா, அளவுக்கு மீறின லோடு.

ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. பார்த்துட்டு மேல சொல்றேன்.

வேடசந்தூர்காரன்:

நாமக்கல் அண்ணன் சொல்றதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை, அபராதத்தை மட்டும் ஞாபகப்படுத்துறேன். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பட்டை ஏத்திட்டோம்கிறதுக்காக ஆர்.சி.ல போட்டிருக்கிற எடை ஏறிடாது.

பாச்சலூர்_லோடு:

நாமக்கல் அண்ணே, நல்லவேளை பட்டறை ஓரத்துலயே கெடந்துச்சு. ரெண்டு உடைசலும் கிடைச்சுது. நீங்க சொன்ன மாதிரியே நடுவுல ஓட்டையை ஒட்டித்தான் உடைஞ்சிருக்கு, ரெண்டுமே! முகத்துல பாதிக்கு மேல கருப்பு. ஃபோட்டோ போட்டிருக்கேன்.

வண்டிக்கு அடியில படுத்தும் பார்த்தேன். யூ போல்ட் பழசையே திருப்பி மாட்டியிருக்காங்க. நட்டு மரை முடியுற இடத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. ஸ்பேனர் போட்டா இறுகின மாதிரிதான் இருக்கு, ஆனா கீழ் பிளேட்டுக்குப் பக்கத்துல இரும்பு தேய்ஞ்ச செவப்புப் பொடி வடிஞ்சிருக்கு. சென்டர் போல்ட் தலை உக்காருற ஓட்டை வட்டமா இல்லை, நீள்வட்டமா தேய்ஞ்சிருக்கு.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடிச்சே ஓட்டுறதுக்கும் இதுதான் காரணமா?

பட்டறை_நாமக்கல்:

ரொம்பத் தெளிவா பார்த்திருக்கீங்க தம்பி. அந்தச் செவப்புப் பொடி ஒண்ணே போதும். இறுக்கமா நிக்கிற ரெண்டு இரும்புக்கு நடுவுல பொடி வராது. அசைவு இருந்தாத்தான் வரும்.

ஸ்டீயரிங் இழுக்கிறதுக்கும் அதுதான் காரணமா இருக்கும். சென்டர் போல்ட் ஓட்டை தேய்ஞ்சதால ஆக்ஸில் இடது பக்கம் முன்னாலயோ பின்னாலயோ நகர்ந்திருக்கு. பின் சக்கரம் நேரா தள்ளாம கொஞ்சம் கோணலா தள்ளுது, நீங்க முன்னால அதைச் சரிக்கட்டிக்கிட்டே ஓட்டுறீங்க. இதை அலைன்மெண்ட் கடைக்குப் போகாமயே பார்க்கலாம். சமதரையில வண்டியை நிறுத்தி, முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் டேப் பிடிங்க. ஸ்டீயரிங் நேரா இருக்கணும். இடது வலது ரெண்டையும் அளந்து பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா ஆக்ஸில் நகர்ந்திருக்குன்னு முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப எக்ஸ்ட்ரா பட்டை விஷயத்துக்கு வர்றேன். கம்பம் தம்பியும் பார்க்கணும்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

ஒரு செட்டுல இருக்கிற பட்டைகளுக்கு ஒரே வளைவு கிடையாது. மெயின் பட்டை கொஞ்சமா வளைஞ்சிருக்கும், கீழ போகப் போக ஒவ்வொண்ணும் கூடுதலா வளைஞ்சிருக்கும். பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரியற அளவுக்குக் கேப் இருக்கும். சென்டர் போல்ட்டை முறுக்கும்போது அந்தக் கேப் மூடும். அப்படி மூடும்போது கீழ்ப் பட்டைகள் மெயின் பட்டையை லோடு வளைக்கிற திசைக்கு எதிர்த்திசையில கொஞ்சம் வளைச்சு வச்சுக்கும். அதனால லோடு ஏறும்போது மெயின் பட்டைக்கு விழற சுமை குறையும். கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வச்ச விஷயம் இது.

பழைய செட்டுல கீழ்ப் பட்டையெல்லாம் வருஷக்கணக்கா லோடு சுமந்து நிமிர்ந்து போயிருக்கும். அதுமேல புது மெயின் பட்டையை மட்டும் வச்சா அந்தக் கேப் கணக்கு மொத்தமும் போச்சு. புதுசுதான் வளைவா நிக்கும், அதுவே முதல்ல எல்லாத்தையும் வாங்கிக்கும். உங்க வண்டியில லூஸ் யூ போல்ட்டோட இதுவும் சேர்ந்துதான் ரெண்டாவது பட்டையைச் சீக்கிரமே முடிச்சிருக்கு. எங்கயோ கிடைச்ச எக்ஸ்ட்ரா பட்டையைச் செருகினாலும் இதே கதைதான். அதோட வளைவு உங்க செட்டுக்குப் பொருந்தணும்ல?

கனத்தையும் பாருங்க. பட்டையோட விறைப்பு கனத்தோட மூணாம் அடுக்கா ஏறும். 7 மி.மீ. பட்டைக்குப் பதிலா 8 மி.மீ. போட்டா, கூடினது ஒரு மி.மீ.தான், ஆனா அந்தப் பட்டையோட விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆயிரும். கடையில "கொஞ்சம் கனமா போட்டுத் தர்றேன்"னு சாதாரணமா சொல்லுவாங்க. பழைய பட்டையை வெர்னியர் வச்சு அளந்து எழுதிக்கிட்டுப் போங்க.

விறைப்பை ஏத்திட்டா குழியில விழற அடி காணாமப் போயிருமா? முன்னெல்லாம் பட்டை வாங்கிக்கிட்ட அடி இப்ப பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் போகும். எக்ஸ்ட்ரா பட்டை ஏத்தின வண்டியில பிராக்கெட் ரிவெட்டைச் சுத்தி சேஸி விரிசல் விட்டு எங்ககிட்ட வரும். பட்டை மாத்துற செலவு எங்க, சேஸி வேலை செலவு எங்க!

இன்னொண்ணு, மலையில இறங்கறவங்களுக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவுல ஒரு மெல்லிசு கம்பி வந்து ஒரு வால்வைப் பிடிச்சிருக்குதான்னு பாருங்க. அது எல்.எஸ்.பி.வி., அதாவது லோடுக்குத் தகுந்த மாதிரி பிரேக்கை மாத்துற வால்வு. வண்டி பின்னால எவ்வளவு உக்காந்திருக்குங்கிறதை வச்சு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் பிரஷர் விடலாம்னு அது முடிவு பண்ணும். காலியா இருந்தா குறைச்சு விடும், லோடு இருந்தா கூட்டி விடும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டுப் பின்பக்கம் தூக்கி நின்னா, ஃபுல் லோடு இருந்தாலும் அந்த வால்வுக்கு வண்டி காலியாத்தான் தெரியும். பின் பிரேக் குறைஞ்சு முன் பிரேக்கே எல்லாத்தையும் சுமக்கும். பாச்சலூர்ல இருந்து பரப்பலாறு அணை வரைக்கும் இறக்கத்துல முன் டிரம்மோ டிஸ்க்கோ சூடேறிப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால ஆள் உக்காந்து வர்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. லோடு மேல ஆளை ஏத்தறதை மொதல்ல நிறுத்துங்க தம்பி. பட்டையை விட அது முக்கியம்.

கம்பம்_டிரைவர்:

அண்ணே, வால்வு விஷயம் எனக்குத் தெரியாது. இப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன், கம்பி இருக்கு. பட்டை போட்டப்ப அதை யாரும் தொடலை. குமுளி இறக்கத்துல பிரேக் அழுத்தினா மூக்கு மட்டும் குத்துதேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

பட்டறை_நாமக்கல்:

அப்படின்னா லோடு ஏத்தறதுக்கு முன்னாடி பிரேக் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட அந்தக் கம்பியோட செட்டிங்கைக் காட்டிருங்க. நீங்களே வளைச்சுப் பார்க்காதீங்க, சர்வீஸ் புத்தகத்துல அளவு இருக்கும். முடிஞ்சா எக்ஸ்ட்ரா பட்டையைக் கழட்டிருங்க.

பாச்சலூர் தம்பிக்கு, நான் உங்க இடத்துல இருந்தா இதைத்தான் செய்வேன்.

பின்னால ரெண்டு பக்கமும் முழு செட்டு புதுசு. ஒரு பக்கம் மட்டும் போட்டா சாய்வு போகவே போகாது. யூ போல்ட், நட்டு, சென்டர் போல்ட், புஷ், சாக்கிள் பின் எல்லாமே புதுசு. யூ போல்ட்டை மட்டும் மறுபடி உபயோகிக்கவே கூடாது. ஒரு தடவை முறுக்கினா மரை இழுபட்டுப் போகும், அடுத்த தடவை அதே இறுக்கம் வராது. நட்டு மரைக் கடைசியில முட்டாம, நீளம் பார்த்து வாங்குங்க.

தேய்ஞ்ச ஓட்டையை அப்படியே விட்டுட்டுப் புது செட்டை மாட்டினா செலவு வீண். ஆக்ஸில் ஹவுசிங்ல பட்டை உக்காருற அந்த சீட்டை லேத் வேலைக்காரர்கிட்ட காட்டிச் சரி பண்ணணும். அங்க வெல்டிங் வச்சாங்கன்னா பட்டையைக் கழட்டித் தள்ளி வச்சுட்டுத்தான் வைக்கணும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பைப் பட்டையில மாட்ட விடாதீங்க. பட்டை மேல ஒரு தீப்பொறி பட்டாலும் அந்தப் புள்ளியில டெம்பர், அதாவது எஃகோட பதம், போயிரும், அங்க இருந்து விரிசல் கிளம்பும். பாடி கட்டுற இடத்துல இது சர்வசாதாரணமா நடக்குது, பார்க்கறப்பல்லாம் வயிறு எரியுது.

ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை, வண்டி ஜாக்கில தொங்கும்போது முழுசா முறுக்காதீங்க. லேசா பிடிச்சு விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, பட்டை தன் நெலைக்கு வந்த பிறகு முறுக்கணும். தொங்கும்போது முறுக்கினா, இறக்கினதும் ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும்.

யூ போல்ட்டை ஒரு பக்கமா முறுக்காம குறுக்கு குறுக்கா மாத்தி மாத்தி முறுக்கணும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சுல (இறுக்கத்தை அளந்து முறுக்கற ஸ்பேனர்), சர்வீஸ் புத்தகத்துல சொன்ன அளவுக்கு. பைப்பை மாட்டித் தொங்கறது வேண்டாம். அது கூடிப்போனாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு.

வேஸ்ட் ஆயிலைப் பட்டை மேல ஊத்தற பழக்கம் இருந்தா விட்ருங்க. மண்ணு ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும், ரப்பர் புஷ்ஷும் ஊறிக் கெட்டுப்போகும். கிரீஸ் நிப்பிள் இருக்கிற பின்னுக்கு மட்டும் ஒழுங்கா கிரீஸ் அடிச்சா போதும்.

கடைக்காரர்_திண்டுக்கல்:

பட்டை வாங்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. எங்க பக்கம் உதிரிப் பட்டை கிலோ கணக்குலதான் விக்கிறோம். கிலோ விலையை மட்டும் பார்த்து அலையாதீங்க. கம்பெனிப் பட்டையில அதுக்கான எஃகு இருக்கும், பதமா காய்ச்சி எண்ணெயில தோய்ச்சு, மறுபடி இளக்கியிருப்பாங்க. மேல் முகத்துல சின்னச் சின்ன உருண்டை அடிச்சு இறுக்கியிருப்பாங்க, விரிசல் சீக்கிரம் வராது. கையால தொட்டுப் பார்த்தாலே பொடிப்பொடியா தெரியும். பழைய லாரிப் பட்டையை வெட்டி, கரி அடுப்புல காட்டி வளைச்சு, கருப்பு பெயிண்ட் அடிச்சுத் தர்றதும் இருக்கு. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். பில்லும் பட்டையில பஞ்ச் பண்ணின எழுத்தும் பார்த்து வாங்குங்க. ஜாம்னா மாதிரி தெரிஞ்ச பேரா இருந்தா நல்லது.

பாச்சலூர்_லோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. லோடு மேல ஆள் ஏத்தறதை இன்னியோட நிறுத்தியாச்சு, வீட்டுலயும் சொல்லிட்டேன். டேப் வச்சு அளந்தேன். இடது பக்கம் குறைவாத்தான் இருக்கு, கண்ணுக்கே தெரியுது. செட்டு ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன், சீட் வேலைக்கு ஒட்டன்சத்திரத்துல ஒரு லேத்துல பேசியிருக்கேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய வலது செட்டுல பட்டை உடையலை. அதைத் தட்டி வளைவு ஏத்தி வச்சுக்கலாமா, ஸ்டெப்னி மாதிரி? அப்புறம், முன்னாலயும் பட்டைதானே இருக்கு, அதையும் இப்பவே மாத்தணுமா?

பட்டறை_நாமக்கல்:

அடுப்புல போடாம சுத்தியால தட்டி ஏத்தற வளைவு நிக்காதுங்க. நாலு லோடுக்கு நல்லா தெரியும், அப்புறம் பழையபடி உக்காந்துரும். முறையா செய்யணும்னா அந்த எஃகை 850 டிகிரி பக்கம் காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில தோய்ச்சு, மறுபடி 450-லிருந்து 500 டிகிரி வரைக்கும் காய்ச்சி இளக்கணும். சூடு அளக்க மீட்டர் இருக்கிற பட்டறையா இருந்தா கொடுங்க. நெறத்தைப் பார்த்துச் செய்யறவங்கள்ல கைதேர்ந்த ஆளுங்க உண்டு, ஆனா இப்ப அவங்க குறைஞ்சு போயிட்டாங்க. மலை ரோட்டு வண்டிக்கு அதை நம்பி வைக்க வேண்டாம்னுதான் சொல்வேன். பழைய இரும்புக்குப் போட்டு, வர்ற காசைப் புது புஷ்ஷுக்கு வச்சுக்குங்க.

முன் பட்டையைச் சும்மா மாத்த வேண்டாம். வண்டியைச் சமதரையில நிறுத்தி, ரெண்டு பக்கமும் சக்கர நடுவுல இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளங்க. பின்பக்கம் சரியான பிறகும் முன்னால வித்தியாசம் இருந்தா பார்க்கலாம். ஆனா முன் ஆக்ஸிலை ஜாக்கில தூக்கி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்காம இருந்தா கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்பற அச்சு. அதே டயரை இடமும் வலமுமா பிடிச்சு ஆட்டினா, ஸ்டீயரிங் கம்பியோட மூட்டான டை ராட் எண்டுல ஆட்டம் இருக்கான்னு தெரியும். ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் வடிஞ்சு புழுதி ஒட்டியிருந்தா அதுவும் ஜோடியா மாத்தணும். ஷாக் செத்த வண்டியில பட்டை ஒரு குழிக்கு ஒரு தடவை ஆடறதுக்குப் பதிலா நாலு தடவை ஆடும், புது செட்டோட ஆயுளும் அந்த அளவுக்குக் குறையும்.

வேலை முடிஞ்சதும் மொத லோடை முழுசா ஏத்தாதீங்க, பாதி ஏத்தி மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வாங்க. புதுப் பட்டையில பெயிண்ட், துரு எல்லாம் நசுங்கி அடங்கும்போது யூ போல்ட் கட்டாயம் கொஞ்சம் தளரும். வந்ததும் டார்க் ரெஞ்சை மறுபடி போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஓட்டிட்டு இன்னொரு தடவை. நட்டுலயும் பிளேட்டுலயும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டு வச்சுக்குங்க, நட்டு திரும்பியிருந்தா கோடு விலகி நிக்கும். காலையில வண்டியெடுக்கும்போது டார்ச் அடிச்சுப் பார்த்துடலாம்.

பாச்சலூர்_லோடு:

சரிங்கண்ணே. செட்டு வியாழக்கிழமை வருது. பிரிச்சதும் சீட்டோட ஃபோட்டோ போடுறேன், பார்த்துச் சொல்லுங்க.